சொல்லை எங்கே வெட்டுவது?

என் வயிற்றுக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் என்னிடம் இருக்கிறது. முப்பத்திரண்டு பக்கம். கலரில். காசு கொடுத்து வாங்கியது. எவ்வளவு என்று கேட்காதீர்கள். இந்தப் பத்தியை என் மனைவியும் படிக்கிறார்.

சாம்பிளை எப்படி எடுத்தேன், எப்படிக் குழாயில் அடைத்து அனுப்பினேன் என்பதையெல்லாம், காலைக் காப்பியோடு இதழைப் புரட்டுகிறவர்களை உத்தேசித்து, விட்டுவிடுகிறேன். மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. பேக்டீராய்டீஸ் இத்தனை சதவிகிதம், பிரிவோடெல்லா இத்தனை சதவிகிதம், வாயில் நுழையாத இன்னும் நாற்பது பேர் இத்தனை இத்தனை சதவிகிதம். பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகள். கடைசிப் பக்கத்தில் தீர்ப்பு: காய்கறி நிறையச் சாப்பிடவும், நேரத்துக்குத் தூங்கவும். இதை என் அம்மா முப்பது வருஷமாக இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘உங்கள் மைக்ரோபயோம்’.

இந்தச் சொல்லை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தயிர் டப்பாவில் இருக்கிறது. முகத்துக்குப் பூசும் கிரீமில் இருக்கிறது. ஷாம்பூவில்கூட வந்துவிட்டது. கேட்டால், “நம்ம உடம்புல இருக்கிற நல்ல பாக்டீரியா சார்” என்கிறார்கள். அவ்வளவுதானா அந்தச் சொல்? எங்கே பிறந்தது, யார் வைத்த பேர், எதற்காக வைத்தார்கள்? இதையெல்லாம் துருவவேண்டும் என்று எனக்குத் தோன்றியது சென்னையில் இல்லை. போடிநாயக்கனூரில்.

ஒரு காதுகுத்துக்காகப் போயிருந்தேன். போடியில் என் மாமா, அம்மாவின் தம்பி, ஏல வியாபாரம் பார்த்தவர். இப்போது மேலே, பூப்பாறைப் பக்கம், கொஞ்சம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறார். வீடு தமிழ்நாட்டில், தோட்டம் கேரளாவில். போடிக்காரர்களுக்கு இதெல்லாம் சகஜம். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, என் பையிலிருந்த ரிப்போர்ட்டை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் புரட்டினார்.

“என்ன மாப்ள, கடையில ஸ்டாக் எடுத்த மாதிரி இருக்கு?”

“வயித்துல இருக்கிற கிருமிக் கணக்கு மாமா.”

“அது சரி. சரக்கு இம்புட்டு இருக்குன்னு எழுதியிருக்கான். யாவாரம் நடக்குதா இல்லையான்னு எழுதலையேப்பா?”

நான் பி.காம். படித்தவன். பார்டர் மார்க்கில் பாஸ் செய்தவன் என்றாலும் சில விஷயங்கள் மண்டையில் தங்கியிருக்கின்றன. இருப்புப் பட்டியல் வேறு, நடக்கிற வியாபாரம் வேறு. ஒரு மளிகைக் கடையை விலைக்கு வாங்கும்போது அரிசி மூட்டையையும் புளியையும் எண்ணிப் பார்த்துவிட்டு மட்டும் யாரும் வாங்குவதில்லை. கடை எந்தத் தெருவில் இருக்கிறது, யார் வந்து வாங்குகிறார்கள், யாருக்கு யார் கடன் சொல்லலாம், ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் கடை. இதைக் கல்லூரியில் ‘கோயிங் கன்சர்ன்’ என்று உருப்போட வைத்தார்கள். மாமா காலேஜ் போகாமலே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஜீப்பில் மேலே போனோம். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். முன்னும் பின்னும் காய் பறிக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள். தோட்டத்துச் சாமான் அறையில், மண்வெட்டிக்கும் தெளிப்பானுக்கும் நடுவில், ஒரு பிளாஸ்டிக் பை. ‘டிரைக்கோடெர்மா’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: உங்கள் மண்ணின் மைக்ரோபயோமுக்கு!

என் ரிப்போர்ட்டிலும் அதே சொல். மாமாவின் பையிலும் அதே சொல். இரண்டில் எது அந்தச் சொல்லுக்குச் சொந்த வீடு, எது வாடகை வீடு? சென்னைக்குத் திரும்பி ரெண்டு மாதம் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். விடை எனக்கே ஆச்சரியம்.

* * *

பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் ஒரே பதிலைச் சொல்வார்கள்: மைக்ரோபயோம் என்ற சொல்லை 2001இல் ஜோஷுவா லெடர்பர்க் உருவாக்கினார். பாடப் புத்தகம் சொல்கிறது, ஆராய்ச்சிக் கட்டுரைகள் முதல் பாராவில் சொல்கின்றன.

லெடர்பர்க் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபுச் சரக்கைக் கைமாற்றிக்கொள்கின்றன என்று இருபத்தோரு வயதில், 1946இல், எட்வர்ட் டேட்டமுடன் சேர்ந்து காட்டியவர். 1958இல் நோபல் பரிசு வாங்கியபோது வயது 33. அவர் 2001இல் அலெக்ஸா மெக்ரே என்பவருடன் சேர்ந்து ‘தி சயன்டிஸ்ட்’ இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். ‘ஜீனோம்’ என்று ஆரம்பித்து எதற்கெடுத்தாலும் வாலில் ‘ஓம்’ சேர்த்துப் புதுச்சொல் செய்கிற மோகத்தைப் பற்றிய குறிப்பு அது. அதில், நம் உடம்பைப் பங்குபோட்டுக்கொண்டு வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் முழுவதையும் குறிக்க மைக்ரோபயோம் என்று சொல்லலாம் என்றார்.

ஆனால் சொல் அன்றைக்குப் பிறக்கவில்லை. 1952இலேயே ஜே. எல். மோர் என்பவர் ‘சயன்டிஃபிக் மன்த்லி’ இதழில், தண்ணீரின் அசுத்தத்தை ஒற்றைச்செல் உயிர்களை வைத்துக் கண்டுபிடிப்பது பற்றி எழுதிய கட்டுரையில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். லெடர்பர்க் சொல்வதற்கு 49 வருஷம் முன்னால். 1988இல் விப்ஸ், லூயிஸ், குக் என்ற மூன்று பேர் இந்தச் சொல்லுக்கு முறையான விளக்கமே கொடுத்துவிட்டார்கள். இந்தப் பிறப்புச் சான்றிதழ்க் குழப்பத்தைப் பற்றி மட்டுமே 2017இல் சூசன் பிரெஸ்காட் என்ற மருத்துவ ஆய்வாளர் ஒரு தனிக் கட்டுரை எழுதினார்.

அப்புறம் ஏன் எல்லாரும் லெடர்பர்க் என்கிறார்கள்? நமக்குப் புரியாத விஷயமா இது? நல்ல தனிப்பாடல் ஒன்று அநாதையாகக் கிடந்தால் யார் தலையில் கட்டுவோம்? வேடிக்கையாக இருந்தால் காளமேகம், புத்திமதியாக இருந்தால் ஔவையார். பேர் உள்ள இடத்துக்குப் போய்ச் சேரும் சொத்து. அறிவியலிலும் அதே கதைதான். நோபல் பரிசு வாங்கியவர் சொன்னார் என்று எழுதினால் கட்டுரைக்கு ஒரு மிடுக்கு. அசுத்தத் தண்ணீரைப் பற்றி எழுதிய மோரை யார் தேடிப் போவார்கள்?

“யார் வைத்த பேராக இருந்தால் என்ன சார், சொல் நல்லாயிருக்கு, புழங்கிட்டுப் போவோம்” என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிக்கல் அப்பன் பேரில் இல்லை. சொல்லை எங்கே வெட்டுவது என்பதில் இருக்கிறது.

* * *

தமிழில் இந்த விளையாட்டு நமக்குப் பழக்கம். பலகை என்றால் மரப்பலகை. பல, கை என்று வெட்டினால் ஆள் ஆளுக்குக் கை நீட்டுகிறார்கள். போடியின் கொட்டகுடி ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேர்கிற வைகையையே எடுத்துக்கொள்ளுங்கள். வை, கை என்று வெட்டி, தாகம் தீராத குண்டோதரனைப் பார்த்து ‘கையை வை’ என்று சிவபெருமான் சொல்ல ஆறு பிறந்ததாக ஒரு கதையே செய்துவிட்டோம். வெட்டுகிற இடம் மாறினால் கதை மாறும்.

மைக்ரோபயோமை இரண்டு விதமாக வெட்டலாம்.

முதல் வெட்டு: மைக்ரோபி, ஓம். ‘ஓம்’ என்பது ஜீனோமிலிருந்து வந்த வால். 1920இல் ஹான்ஸ் விங்க்ளர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் வைத்த பேர் ஜீனோம். பின்னால் அந்த வாலுக்கு ‘மொத்தமும்’ என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டது. ஜீன்கள் மொத்தமும் ஜீனோம். புரதங்கள் மொத்தமும் புரோட்டியோம். இந்த வெட்டில் மைக்ரோபயோம் என்றால் நுண்ணுயிர்கள் மொத்தமும், அல்லது அவற்றின் ஜீன்கள் மொத்தமும். அதாவது, ஸ்டாக் லிஸ்ட்.

இரண்டாவது வெட்டு: மைக்ரோ, பயோம். பயோம் என்பது சுற்றுச்சூழல் ஆட்களின் சொல். 1916இல் ஃப்ரெடரிக் கிளமென்ட்ஸ் கொடுத்தது. மழைக்காடு ஒரு பயோம், புல்வெளி ஒரு பயோம், பாலைவனம் ஒரு பயோம். மண், மழை, வெயில், செடி, பிராணி, யார் யாரைத் தின்கிறார்கள், எல்லாம் அடக்கம். இந்த வெட்டில் மைக்ரோபயோம் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிக் காடு. நடக்கிற வியாபாரம்.

லெடர்பர்க்கின் பேரைச் சொல்லி வந்தவர்கள் பெரும்பாலும் முதல் இடத்தில் வெட்டினார்கள். அந்தக் குறிப்பே ‘ஓம்’ வால் பற்றியது என்பதால் அப்படி ஆகிவிட்டது. இத்தனைக்கும் அந்த மனுஷர் பட்டியல் என்று சொல்லவே இல்லை. கூட்டத்தை விவரிக்க அவர் எடுத்ததும் சூழலியலாளர்களின் வார்த்தைதான். நல்லவன், கெட்டவன், சும்மா கூடவே இருக்கிறவன் என்று மூன்று வகையையும் சேர்த்துத்தான் சொன்னார். ‘நல்ல பாக்டீரியா சார்’ என்பது அவர் தலையில் கட்டிய பொய். அவரை மேற்கோள் காட்டுகிறவர்களில் எத்தனை பேர் அவரைப் படித்தார்கள் என்று எனக்குச் சந்தேகம். இலக்கிய விமர்சனத்தில் மட்டும்தான் படிக்காமல் மேற்கோள் காட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை.

முதல் வெட்டு ஜெயித்ததற்கு இன்னொரு காரணம், மெஷின். ஜீன்களை வேகமாகப் படிக்கும் இயந்திரங்கள் மலிவாகிவிட்டன. 2007இல் அமெரிக்க அரசின் மனித மைக்ரோபயோம் திட்டம் ஆரம்பித்தது. எண்ண முடிந்ததை எண்ணினார்கள். எண்ண முடிந்ததே விஷயம் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தத் திட்டமே 2012இல் ஆரோக்கியமான 242 பேரைப் பார்த்துவிட்டுச் சொன்னது என்ன தெரியுமா? ஆளுக்கு ஆள் பட்டியல் எக்கச்சக்கமாக மாறுகிறது. ஆனால் அந்தக் கூட்டம் செய்யக்கூடிய வேலைகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. தெருக்கூத்தில் ஊருக்கு ஊர் துரியோதனன் வேஷக்காரர் வேறு. கூத்து அதே கூத்து. அப்படியானால் வேஷக்காரர்களின் பேர், சதவிகிதத்தோடு, எனக்கு எதற்கு? பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி வைக்கிறார்களே, எந்தப் பட்டியல் ‘ஆரோக்கியமான’ பட்டியல் என்று உலகம் இன்னும் ஒத்துக்கொள்ளவே இல்லை.

எண்ணிக்கை மோகத்துக்கு ஒரு சாம்பிள். நம் உடம்பில் மனிதச் செல்லைவிட பாக்டீரியா பத்து மடங்கு என்று கேட்டிருப்பீர்கள். நானே இந்தப் பத்தியில் ஒருமுறை எழுதித் தொலைத்திருக்கிறேன். 1972இல் ஒருவர் போட்ட உத்தேசக் கணக்கு அது. 2016இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் சீராகக் கணக்குப் போட்டார்கள். பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, மனிதச் செல் சுமார் 30 லட்சம் கோடி. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. நாற்பது வருஷம் ஒரு தப்பான இருப்புக் கணக்கை உலகமே ஒப்பித்திருக்கிறது. ஆடிட்டர் என்று ஒருவர் இல்லாததால் வந்த வினை.

* * *

இப்போது அந்த 1988. இதுதான் எனக்கு ஆச்சரியம் என்று சொன்ன இடம்.

விப்ஸ், லூயிஸ், குக் மூவரும் மைக்ரோபயோமுக்கு விளக்கம் எழுதியது வயிற்றைப் பற்றிய புத்தகத்தில் அல்ல. உடம்பைப் பற்றியே அல்ல. பயிர் நோயைப் பூஞ்சைகளை வைத்து அடக்குவது பற்றிய புத்தகத்தில், பூஞ்சையைத் தின்னும் பூஞ்சைகள் பற்றிய அத்தியாயத்தில். அந்தக் கூட்டத்தில் முக்கியமான ஆள் யார்? மாமாவின் சாமான் அறையில் பிளாஸ்டிக் பையில் உட்கார்ந்திருந்தாரே, அதே டிரைக்கோடெர்மா. இது மற்றப் பூஞ்சையைச் சுற்றி வளைத்துத் தின்கிறது என்று வெய்ண்ட்லிங் 1932இலேயே எழுதிவிட்டார்.

அந்த விளக்கத்தின் சாரம் இது. தனக்கென்று ஒரு சுபாவம் உள்ள நுண்ணுயிர்க் கூட்டம். அது குடியிருக்கும், ஓரளவு எல்லை தெரிந்த ஓர் இடம். அந்த இடத்துக்கென்று ஈரம், சூடு, புளிப்பு என்று சொந்தக் குணங்கள். உயிர்கள் மட்டும் போதாது, அவை ஆடுகிற ஆடுகளமும் சேர்ந்ததுதான் மைக்ரோபயோம் என்று தெளிவாகச் சொன்னார்கள். 2020இல் கேப்ரியேல் பெர்க் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி இந்தச் சொல்லின் பொருளை மறுபடி அலசினார்கள். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அடிப்படையாக எடுத்துக்கொண்டது இந்த 1988 விளக்கத்தைத்தான். உயிர்களை மட்டும் சொல்வதானால் ‘மைக்ரோபயோட்டா’ என்று வேறு சொல் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் என்றும் பிரித்துவிட்டார்கள்.

ஆக, விளக்கத்தோடு இந்தச் சொல் வளர்ந்த வீடு பயிர்க்காரன் வீடு. சென்னையில் நான் வாங்கிய ரிப்போர்ட் வாடகைக்கு வந்த இடம்.

* * *

சரி, ஆடுகளம் என்றால் என்ன? மாமாவின் தோட்டத்தில் குனிந்தால் தெரியும்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து சரம் கிளம்பி, தரையை ஒட்டி நீண்டு, அதில் காய் பிடிக்கிறது. மேலே மரநிழல். கீழே சருகு மெத்தை. ஜூனில் தென்மேற்கு மழை பிடித்தால் நாள் கணக்கில் ஈரம் காய்வதில்லை. காயும் சரமும் தூரும் அந்த ஈரத்திலேயே கிடக்கின்றன. அப்போது வருவதுதான் அழுகல். காரணம் பைட்டோஃப்தோரா. செடியை அழிப்பவன் என்று பேருக்கு அர்த்தம். உருளைக்கிழங்கை அழுகவைத்து அயர்லாந்தைப் பட்டினி போட்ட வகையறா. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும், உண்மையில் பூஞ்சை இல்லை. அதன் வித்துகள் மழைத் தண்ணீரில் நீந்திப் போகும். பச்சைக் காயில் தண்ணீர் கோத்தது மாதிரி ஒரு திட்டு, அப்புறம் நிறம் மாறி அழுகி உதிர்ந்துவிடும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன சரக்கு. அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் ஆயிரத்துக்குக் கீழே விழுந்த சரக்கும் அதுதான். விலை எதுவானாலும் அழுகின காய்க்குச் சைபர்.

இதைத் தடுக்க மலைக்காரர்களிடம் இரண்டு வழி. ஒன்று, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, அல்லது கடையில் கிடைக்கிற வேறு காப்பர் மருந்து. 1885இல் பிரான்ஸின் திராட்சைத் தோட்டத்தில் பிறந்த வைத்தியம், இன்றும் நிற்கிறது. இன்னொன்று டிரைக்கோடெர்மா. இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையில் 1978இல் ஏலக்காய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. இப்போது நறுமணப் பொருட்கள் வாரியத்தின் கீழ் இருக்கிறது. அழுகலுக்கு டிரைக்கோடெர்மாவைச் சிபாரிசு செய்கிறவர்கள் அவர்கள். சாணம், வேப்பம் புண்ணாக்கு மாதிரி மக்கும் பொருளில் கலந்து பெருக்கித் தூரில் போடவேண்டும். அது உயிர். தின்ன ஏதாவது வேண்டும், இருக்க ஈரம் வேண்டும்.

மாமா திங்கட்கிழமை டிரைக்கோடெர்மா போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை காப்பர் ஊற்றியிருக்கிறார்.

“ஏன் மாமா? பூஞ்சையைக் கொல்ற மருந்துல்ல அது? நீங்க போட்டதும் பூஞ்சைதானே?”

“ரெண்டும் மருந்துதானே மாப்ள! ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டுமேன்னு போட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. தப்பு மாமாவுடையது இல்லை, சொல்லுடையது. நாம் எல்லாவற்றையும் மருந்து என்கிறோம். விஷமும் மருந்து, உயிரும் மருந்து. பையில் அச்சடித்தவர் ‘மைக்ரோபயோம்’ என்று பந்தாவாகப் போட்டாரே தவிர, இது உயிருள்ள சரக்கு, காப்பருக்கும் இதற்கும் குறைந்தது பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள் என்று கண்ணில் படும்படி போடவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டும் மாமாவால் அந்தப் பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லை. நானும் முயற்சி செய்தேன்.

சொல்லை முதல் இடத்தில் வெட்டினால் மண் என்பது ஒரு கிட்டங்கி. எது குறைகிறதோ அதை வாங்கிக் கொட்டினால் சரியாகிவிடும். கடைக்காரருக்கு இந்த அர்த்தம்தான் வசதி, ஒவ்வொரு சீசனும் ஒரு பை விற்கலாம். வயிற்று விஷயத்திலும் அதே வியாபாரம், அங்கே பைக்குப் பதில் கேப்ஸ்யூல். இரண்டாவது இடத்தில் வெட்டினால் கேள்வியே மாறிவிடுகிறது. தூரைச் சுற்றித் தண்ணீர் வடிகிறதா? சருகு இருக்கிறதா, கூட்டித் தள்ளிவிட்டார்களா? விளைச்சல் கூடட்டும் என்று நிழல் மரத்தை எவ்வளவு கழித்தோம்? போன மாதம் எதை ஊற்றினோம்? போட்ட பூஞ்சை அங்கே பிழைத்திருக்க முடியுமா? இதற்கெல்லாம் பையில் விடை இல்லை.

இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டதால் இயற்கை விவசாயக்காரர்கள் கை தட்டவேண்டாம். ‘எங்கள் கரைசலில் ஒரு சொட்டுக்கு இத்தனை கோடி நுண்ணுயிர்’ என்று மேடையில் பேசுவதும் அதே ஸ்டாக் லிஸ்ட்தான், நாட்டு மாட்டு வாசனையோடு. கோடி கோடியாக ஊற்றலாம். மறுவாரம் அதில் எத்தனை மண்ணில் நிலைத்தது, என்ன செய்தது என்பதுதான் கேள்வி.

காப்பரும் வில்லன் இல்லை. மாமா என் வாயை அடைத்த விதத்தைச் சொல்லவேண்டும்.

“நீ மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டுப் பதினஞ்சு நாள்னு சொல்லிட்ட. ஆறு நாள் விடாமப் பேஞ்சு, பக்கத்துத் தோட்டத்துல அழுகல் விழுந்துருச்சுன்னு வையி. ஏழாம் நாள் நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பனா? காப்பர்தான் ஊத்துவேன். உன் வார்த்தையா வந்து காயைக் காப்பாத்தும்?”

பதில் இல்லை. இப்போதும் இல்லை. மழைக்கு முன்பே எது, எப்போது என்று தேதி போட்டுத் திட்டமிடலாம் என்பதுதான் நான் சொன்னது. அதற்கு அவர் சிரித்தார். “மழைகிட்ட தேதி கேட்டு வாங்கிட்டு வா.”

* * *

இனி நம் வேலை. இந்தச் சொல்லைத் தமிழில் என்ன சொல்வது?

நுண்ணுயிர்த் தொகுதி, நுண்ணுயிர்க் கூட்டம், நுண்ணுயிரியம் என்று வெவ்வேறு விதமாக எழுதுகிறார்கள். எல்லாம் இலக்கணச் சுத்தம். எல்லாம் முதல் வெட்டு. தொகுதி என்றதும் எனக்கு எலெக்‌ஷன் ஞாபகம் வருகிறது, கூட்டம் என்றதும் பஸ் ஸ்டாண்ட். இடம் எங்கே? ஈரம் எங்கே? ஆட்டம் எங்கே?

நாம் அந்த இரண்டாவது வெட்டுக்குச் சொல் தேடி வெளியே போகவேண்டியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைத்துப் பாருங்கள். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். முதல் என்றால் நிலமும் பொழுதும். கரு என்றால் அங்கே வாழ்கிற மரம், பறவை, விலங்கு, மனுஷர். உரி என்றால் அங்கே நடக்கிற ஒழுக்கம். மூன்றும் சேர்ந்தால் திணை. ஐந்து மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனோம். 1988 விளக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குணங்களோடு கூடிய இடம், குடியிருக்கும் கூட்டம், அவை அங்கே நடத்தும் நடவடிக்கை. முதல், கரு, உரி.

நுண்திணை என்று சொன்னால் என்ன?

உடனே, தொல்காப்பியருக்கு அன்றைக்கே பாக்டீரியா தெரியும் என்று யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். தெரியாது. உரிப்பொருள் என்று அவர் சொன்னது காதலர்களின் சமாசாரம், பூஞ்சையின் சமாசாரம் இல்லை. ஆனால் ஓர் உயிரை அது நிற்கிற மண்ணோடும் காலத்தோடும் சேர்த்தே பேசவேண்டும் என்ற பழக்கம் இந்த மொழிக்கு உண்டு. அந்தப் பழக்கத்தைக் கடன் வாங்குகிறேன், அவ்வளவுதான். இந்தச் சொல்லை நானே கண்டுபிடித்தேன் என்றும் சொல்ல மாட்டேன். எனக்கு முன்னால் யாராவது ஒரு தமிழாசிரியர், 1952 மோர் மாதிரி, எங்கேயாவது எழுதி வைத்திருக்கலாம். பேர் அவருக்கே போகட்டும்.

போன வாரம் மாமாவுக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன்.

“தினையா? ஏலத்தோட்டத்துக்குள்ள தினை எதுக்குப்பா? நிழல்ல வராது.”

ண, ன வித்தியாசத்தை விளக்கி, மலைக்கு ஒரு திணை, மலையில் உங்கள் ஏலச்செடித் தூருக்குள் ஒரு குட்டித் திணை என்று சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

“அப்ப நான் தூருல மருந்து போடல, ஆளுகளைக் குடிவச்சிருக்கேன்னு சொல்ற.”

“ஆமா மாமா.”

“குடிவச்ச வாரமே காப்பரை ஊத்தியிருக்கேன்.”

“ஆமா மாமா.”

“இந்த வருஷம் காலண்டர்ல குறிச்சு வைக்கச் சொல்றேன், முன்னக்கூட்டியே ஒண்ணு, தள்ளி ஒண்ணு. மழை விட்டா பாப்போம். விடலைன்னா ஊத்துறதுதான்.”

ஜூன் இன்னும் வரவில்லை. மாமாவின் பதினைந்து நாள் கணக்கு தாங்குமா என்று மழைதான் சொல்லவேண்டும். தாங்காவிட்டால் நஷ்டம் அவருக்கு. சொல்லை எங்கே வெட்டுவது என்று உட்கார்ந்து எழுதுகிற எனக்கு இந்தப் பத்திக்கான காசு எப்படியும் வந்துவிடும்.

முப்பத்திரண்டு பக்க ரிப்போர்ட் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. அதில் இல்லாததை ஒரு தாளில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன், எதற்கெடுத்தாலும் எத்தனை ஆன்டிபயாட்டிக் முழுங்கினேன். முதல் வாரத்து வரவு செலவைப் பார்த்தாலே தெரிகிறது. காப்பரை நானும் ஊற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.